கோசோங்

ஒரு கணினிக்கு யாரும் முகவரி கொடுக்காவிட்டால் அது தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொள்ளும். 169 என்று தொடங்கும் அந்த எண் பார்ப்பதற்கு மற்ற முகவரிகளைப் போலவே கம்பீரமாக இருக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு வெளியுலகத்தில் யாரிடமும் பேச முடியாது. மலேசியாவில் சிலர் எங்கிருந்தோ காசுக்கு வாங்கிவரும் டத்தோ பட்டம் மாதிரிதான். பெயரட்டையில் அழகாக இருக்கும். விருந்துக்குப் போனால் நாற்காலி கிடைக்காது.

பாசிர் கூடாங்கில் கண்டெய்னர் லாரி நிறுவனம் ஒன்றின் கிளையை நடத்தும் விஜயனின் அலுவலகத்தில் அன்று காலை ஐந்து கணினிகள் இப்படி டத்தோ ஆகியிருந்தன. ஐந்தும் சிங்கப்பூர் தலைமையகம் அனுப்பிவைத்த புது மடிக்கணினிகள். விஜயன் யூடியூப்பில் ஒரு பையன் சொன்னதைக் கேட்டு, ஏதோ ஒரு கட்டளையைத் தட்டினார். எங்கே தட்டுவது என்று பையன் சொல்லவில்லை போலும். அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த தன் பழைய கணினியில் தட்டினார். ஆறாவது டத்தோ உருவானார்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் பெரிய வேலை. கைப்பேசியை எடுத்துச் சிங்கப்பூருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். தாமதத்துக்கு வருந்துவதாகவும், காலஞ்சென்ற ஊழியர் ரூபேந்திரன் நெட்வொர்க்கைச் சரியாக அமைக்காததே இதற்குக் காரணம் என்றும், ஆள் வரவழைத்திருப்பதாகவும் அதில் இருந்தது. இறந்தவர்மேல் பழி போடுவதில் ஒரு வசதி உண்டு. பதில் மின்னஞ்சல் வராது. விஜயன் கெட்டவர் இல்லை. அவசரத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

மின்னஞ்சலின் நகல் அலுவலகத்தில் எல்லாருக்கும் போனது. கணினி ஓடிக்கொண்டிருந்தது தேன்மொழிக்கு மட்டும்தான் என்பதால் அதை முதலில் படித்ததும் அவள்தான்.

தேன்மொழி அங்கே ஆவணப் பிரிவு. துறைமுக வாசலில் லாரிகள் காட்ட வேண்டிய நுழைவுச் சீட்டுகள் அவளிடமிருந்துதான் அச்சாகிப் போகும். ரூபேந்திரன் கணினிப் பிரிவு. அதாவது கணினி, ஏர்கண்டிஷன், வாசல் பூட்டு, விஜயன் மனைவியின் கைப்பேசி. இரண்டு பேருக்கும் பதிவுத் திருமணம் முடிந்திருந்தது. கோயில் கல்யாணத்தைத் தை மாதத்துக்கு வைத்திருந்தார்கள். தைக்கு முன்னால் மழைக்காலம் வந்தது, அதில் ரூபேந்திரன் போய்விட்டான். அரசாங்கத்தின் கணக்கில் அவள் மனைவி. உறவுக்காரர்கள் கணக்கில் இன்னும் தாலி ஏறாத பெண். இறுதிச் சடங்கில் அவளை எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்த பக்கம் நின்றாள்.

அவள் மின்னஞ்சலை இரண்டாவது முறை படித்துக்கொண்டிருந்தபோது ஜுனைத் வந்து சேர்ந்தான். ஸ்கூடாயில் ஒரு கணினிக் கடையில் வேலை. அவனுடைய அத்தா அதே ஊரில் ரொட்டிச் சானாய்க் கடை நடத்துகிறார். நெரிசலில் ஊர்ந்து வந்த களைப்பு அவன் முகத்தில் இருந்தது.

"தம்பி, ரவுட்டர் செத்துப்போச்சு. புதுசு மாத்திடு," என்றார் விஜயன்.

"செத்துப்போனா யாருக்குமே லைன் இருக்காது பாஸ். அதோ அந்த அக்காவுக்கு ஓடுதே."

"அவங்க மெஷின் பழசு. பழசுக்கு விசுவாசம் ஜாஸ்தி."

"உங்களுதும் பழசுதானே?"

"அது நான் ரிலீஸ் பண்ணிட்டேன்."

ஜுனைத் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தான். "ரிலீஸ் பண்ணா இருக்கிற அட்ரஸ விட்டுடும் பாஸ். உடனே ரின்யூ அடிக்கணும். அடிச்சீங்களா?"

"அடிச்சேன்லா. நடுவுல தே தாரிக் வந்துச்சு. சூடா இருந்துச்சு. குடிச்சிட்டு அடிச்சேன்."

"அலாமாக்," என்று ஜுனைத் தலையில் கை வைத்தான்.

ரவுட்டர் சுவரோரம் ஓர் உயரமான தட்டில் இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்திருந்தன. ஜுனைத் கையை நீட்டியபோது தேன்மொழி எழுந்து வந்துவிட்டாள்.

"அத கழட்டாதீங்க தம்பி."

"கழட்டலக்கா. உள்ள போயி செட்டிங் பாக்கணும். பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். பாத்தா போதும்ல? மாத்த மாட்டீங்களே?"

"மாத்த வேண்டியிருந்தா மாத்தித்தானே ஆகணும்."

"மாத்துறதுக்கு ஒன்னும் இல்ல. அவரு சொன்ன மாதிரியேதான் எல்லாம் போட்டிருக்கு. ஒரு எழுத்து மாறல."

"எவருக்கா?"

விஜயன் உதவிக்கு வந்தார். "ரூபன்னு இருந்தாரு. அவரு இவங்களோட..." என்று தொடங்கி, சொல்லைத் தேடினார். புருஷன் என்றால் உறவுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். மாப்பிள்ளை என்றால் பதிவு அலுவலகம் கோபித்துக்கொள்ளும். "எங்க ஐடி," என்று முடித்துவிட்டு, லாரிக்காரர்களைச் சமாளிக்க வெளியே போனார்.

தேன்மொழி தன் மேசையிலேயே ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தாள். கடவுச்சொல்லைத் தட்டும்போது ஜுனைத் மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுவரில் வைஃபை ரகசியச்சொல் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. வருகிற ஓட்டுநர்கள் சும்மா உட்கார்ந்து சண்டை போடாமல் இருக்க விஜயன் கண்ட வழி அது.

"திரும்பலாம்," என்றாள்.

ஜுனைத் திரும்பிப் பார்த்து, "ஓ," என்றான்.

"என்ன?"

"ஃபுல்லுக்கா. கொடுக்கிறதுக்கு மொத்தம் நூறு அட்ரஸ் வச்சிருக்காங்க. நூறும் போயிடுச்சு. புது மெஷின் வந்து கேட்டா, இதுகிட்ட ஒன்னும் இல்ல. பாஸ் விட்ட அட்ரஸகூட எதோ போனு எடுத்துக்கிச்சு பாருங்க."

திரையில் கைப்பேசிகளின் பெயர்கள் வரிசையாக நின்றன. வேலுவின் கைப்பேசி விஜயனுடைய முகவரியில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. அதன் உடைமையாளர் லாரி ஓட்டுநர் வேலு. ஐந்தடி தூரத்தில் சோபாவில் படுத்தபடி, மீன் பிடிக்கும் காணொளி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க எத்தன பேரு வேல செய்றீங்க?"

"டிரைவர தவிர்த்து ஒன்பது பேரு."

"அப்ப மத்தவங்க எல்லாம் யாரு?"

தேன்மொழி படித்துப் பார்த்தாள். சிலரைத் தெரிந்தது. கரையான் மருந்தடிக்க ஒருமுறை வந்த ஆள். காப்புறுதி விற்க வந்து, விற்காமல் போன பெண். பண்டார் பெனாவாருக்கு வழி கேட்டு வந்து, கழிவறையைப் பயன்படுத்திவிட்டுப் போன ஒரு குடும்பம், ஆளுக்கு ஒன்றாக.

"இவங்கல்லாம் எப்பவோ போயிட்டாங்களே."

"போயிட்டாங்க. அட்ரஸ் போகல." ஜுனைத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இது எப்படின்னா அக்கா, எங்க அத்தா கடையில மேச இருக்குல்ல. சாப்பிட்டு எந்திரிச்சா அடுத்த ஆளு உக்காரணும். இங்க வந்தவன் எல்லாம் ஒரு தே-ஓ குடிச்சிட்டு மேசய எழுதி வாங்கிட்டுப் போன மாதிரி இருக்கு. சாதாரணமா ஒரு நாளைக்குத்தான் கொடுக்கும். மறுநாளும் ஆள் இருந்தா நீட்டிக்கும். இல்லன்னா எடுத்துக்கும்."

"அப்புறம் ஏன் எடுத்துக்கல?"

அவன் இன்னொரு பக்கத்தைத் திறந்து, கீழே வந்து, ஒரு சின்னப் பெட்டியில் சுட்டியை நிறுத்தினான்.

"இதோ, லீஸ் டைம். எவ்வளவு நேரத்துக்குக் கொடுக்கிறதுன்னு போடுற இடம். சைபர் போட்டிருக்கு. இந்த ரவுட்டருக்கு சைபர்னா காலம் முழுக்கன்னு அர்த்தம். இத சும்மா காலியா விட்டிருந்தாலே போதும், அதுவா ஒரு நாள்னு எடுத்துக்கும்." அவன் இயல்பாகத்தான் கேட்டான்: "யாருக்கா சைபர் போட்டது?"

தேன்மொழி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருதான் சொன்னாரு," என்றாள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் பகலில் இடி விழுந்து ரவுட்டர் எல்லாவற்றையும் மறந்துபோனது. ரூபேந்திரன் அப்போது கெலாங் பாத்தா கிடங்குக்கு மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். கொட்டுகிற மழைக்கு நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் மோட்டார்க்காரர்களோடு ஒதுங்கி நின்றவனைத் தேன்மொழி தொலைபேசியில் பிடித்தாள். அவன் எல்லா எண்களையும் மனதிலிருந்து சொல்லச் சொல்ல இவள் தட்டினாள். ஒன், நைன், டூ. ஒன், சிக்ஸ், எய்ட். கோசோங். ஒன். ஊரில் எல்லாரும் எண் சொல்கிற மாதிரிதான் அவனும் சொன்னான். சைபர் வருகிற இடத்தில் மலாயில் கோசோங்.

நடுவில் அவளுக்கு அந்தப் பக்கத்து இரைச்சல் குறைந்தது போலத் தோன்றியது.

"மழ விட்டுடுச்சா?" என்று கேட்டாள்.

"ஆமா, எல்லாம் கிளம்பிட்டாங்க. நீ சொல்லு, முடிச்சிட்டே போறேன். மறுபடி நின்னு பேச முடியாது. இப்ப என்ன கேக்குது?"

"லீஸ் டைம்."

"அது கோசோங் லா. சேவ் பண்ணு. லைட்டு பச்சையா இருக்கா?"

"பச்ச."

"கெட்டிக்காரி. வச்சிடு, சாயங்காலம் பாக்கலாம்."

கைப்பேசியைப் பையில் போட்டு ஹெல்மெட்டை மாட்டியிருப்பான். ஈரச் சாலையில் வழுக்கிய ஒரு லாரி பாலத்தடி ஓரத்துக்கு வந்தது. அங்கே அப்போது அவன் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தான். இறுதிச் சடங்கில், முன்னால் கிளம்பிப் போன மோட்டார்க்காரர் ஒருவர் இதை வந்து சொன்னார். "போன்ல பேசிக்கிட்டு இருந்தாரு, இல்லன்னா எங்களோட வந்திருப்பாரு," என்று வருத்தத்தோடு சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

தேன்மொழி அன்றிலிருந்து அந்த ரவுட்டரை யாரையும் தொடவிட்டதில்லை. அவன் நின்றது அவளுக்காக. அதை மாற்ற முடியாது. ஆனால் எதற்காக நின்றானோ அந்த வேலை சரியாக முடிந்தது. அவன் சொன்னது சொன்னபடி ஏறி, அதில் அலுவலகமே ஓடுகிறது. பிடித்துக்கொள்ள அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

இதையெல்லாம் அவள் ஜுனைத்திடம் கோவையாகச் சொல்லவில்லை. மழை, பாலம், கோசோங் என்று துண்டு துண்டாகச் சொன்னாள். அவன் புரிந்துகொண்டான். புரிந்துகொள்ளாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தான். அந்த முகத்துக்கு அது வரவில்லை.

"கோசோங்னாரு. நான் சைபர் போட்டேன். முன்னாடி எல்லாம் சைபர்தானே?"

"யாரா இருந்தாலும் அதான் போடுவாங்கக்கா. நானா இருந்தாலும்."

"நீங்க போட மாட்டீங்க."

"எனக்கு இது வேல..."

"உங்க கடையில ஒருத்தர் வந்து ரொட்டி கோசோங்னு கேட்டா என்ன கொடுப்பீங்க? சைபர் ரொட்டியா?"

"உள்ள ஒன்னும் வைக்காம, வெறும் ரொட்டி," என்றான் மெதுவாக.

"தே கோசோங்?"

"சீனி இல்லாம."

"பஸ்ல சீட்டு கோசோங்?"

"அக்கா..."

"காலி. காலியா விடுன்னு சொல்லியிருக்காரு. தெனமும் சொல்ற வார்த்த தம்பி. நான் ஒன்னாங் கிளாஸ்லேருந்து மலாய் படிச்சவ." அவள் குரல் உயரவில்லை. நுழைவுச் சீட்டில் பிழை கண்டுபிடித்தவள் போலப் பேசினாள். "முடிச்சிட்டே போறேன்னு நின்னாரு. முடியவே இல்ல."

வெளியே விஜயன் யாரையோ 'பொறுமை, பொறுமை' என்று பொறுமையில்லாமல் கத்திக்கொண்டிருந்தார்.

திரையைப் பார்த்தபடியே அவள் கேட்டாள்: "அவரு போன் இதுல இருக்கா?"

ஜுனைத் தேடினான். மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை. இல்லை என்று முதல் முறையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது முறை அவளுக்காகத் தேடினான்.

"இல்லக்கா. அன்னிக்கு இடி விழுந்து எல்லாம் அழிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் இங்க வந்தவங்களுக்குத்தான் அட்ரஸ்."

"அதுக்கப்புறம் அவரு வரல."

"வரல."

கரையான் மருந்தடித்தவருக்குக் காலம் முழுக்க இடம் இருந்தது. வழி தவறிக் கழிவறைக்கு வந்த குடும்பத்துக்கு, குழந்தை உட்பட, இருந்தது. இந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுவரில் அடித்து இழுத்தவனுக்கு இல்லை.

"நீங்களே பண்ணுங்கக்கா," என்று ஜுனைத் சுட்டியை அவள் பக்கம் தள்ளினான்.

அவள் சைபரை அழித்தாள். பெட்டி காலியாக இருந்தது. சேமித்ததும் ரவுட்டர் தானே ஒரு நாள் என்று நிரப்பிக்கொண்டது. பிறகு அவன் காட்டியபடி பழைய முகவரிகளை எல்லாம் துடைத்துவிட்டு, ரவுட்டரை அணைத்து மறுபடி போட்டார்கள். ஐந்து மடிக்கணினிகளும் ஒவ்வொன்றாகப் பட்டத்தைத் துறந்து, ஒழுங்கான முகவரி வாங்கிக்கொண்டன. விஜயனின் கணினியும் திருந்தியது.

ஜுனைத் குரலைத் தாழ்த்தினான். "பாஸ்கிட்ட ரவுட்டர் பழசு, அதான் மக்கர் பண்ணுச்சுன்னு சொல்லிடுறேன். ரவுட்டர் வாயத் தொறந்து இல்லன்னு சொல்லவா போகுது?"

"அந்த ரவுட்டர் வேணும்னு கேட்டு வாங்குனது யாரு? ரூபன். அப்பவும் அவரு பேருதான் போகும்."

"அப்ப என்னக்கா சொல்றது?"

"நான் சொல்றேன்."

விஜயன் உள்ளே வந்து, தன் திரையில் மின்னஞ்சல்கள் இறங்குவதைக் கண்டு, ஜுனைத்தின் தோளைத் தட்டினார். "பாத்தியா தேனு, தம்பி வந்து அர மணி நேரத்துல முடிச்சிட்டாரு. ரூபன் என்னத்த செட் பண்ணி வச்சாரோ போ!"

"அவரு சரியாத்தான் சொன்னாரு பாஸ். நான்தான் தப்பா போட்டேன்."

அவள் சொன்னாள். இந்த முறை கோவையாகச் சொன்னாள். எந்தப் பெட்டி, எந்த வார்த்தை, எந்த எண். பாலத்தை மட்டும் விட்டுவிட்டாள். விஜயனுக்குப் பாலம் தெரியும். சோபாவில் வேலு மீன் காணொளியை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"சிங்கப்பூருக்கு எழுதுனீங்கல்ல பாஸ், அத மாத்தி எழுதணும்."

விஜயன் சங்கடத்தோடு சிரித்தார். "விடுமா. போனவரு போயிட்டாரு. அவருக்கு இனிமே போனஸா கட்டாகப் போகுது? உன் பேர எழுதுனா அவங்க ஒன்ன கேள்வி கேப்பாங்க. நீ இருக்கிறவ."

"இருக்கிறவங்க பேருதானே பாஸ் போடணும்."

விஜயன் ஜுனைத்தைப் பார்த்தார். ஜுனைத் கம்பியைச் சுற்றிப் பையில் வைப்பதில் மும்முரமாக இருந்தான். அந்தக் கம்பியை அவன் ஏற்கெனவே சுற்றி வைத்துவிட்டிருந்தான்.

"சரி," என்றார் விஜயன். "நீ எழுது. நான் அனுப்புறேன்."

அவள் ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் எழுதினாள். கோளாறு சரிசெய்யப்பட்டது. கணினி அலுவலர் திரு. ரூபேந்திரன் தொலைபேசியில் கொடுத்த அறிவுறுத்தல் சரியானது. ஆவணப் பிரிவு தேன்மொழி அதைத் தவறாகப் பதிந்துவிட்டார்.

விஜயன் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார். ஏதோ கேட்க நினைத்து, தொண்டையைக் கனைத்தார். "மை ஹஸ்பண்ட்னு போடலியா?"

"வேல மெயில்தானே பாஸ்."

அவர் தன் மேசைக்குப் போய், முகவரிகளைச் சரிபார்த்து, காலையில் யார் யாருக்கெல்லாம் அனுப்பினாரோ ஒருவரையும் விடாமல் சேர்த்து அனுப்பினார்.

ஜுனைத் கிளம்பும்போது அவளிடம் ஏதோ சொல்ல நின்றான். பையைத் தோள் மாற்றிக்கொண்டு, "வரேன்க்கா," என்றான். "பாத்துப் போங்க தம்பி, மழ வர மாதிரி இருக்கு," என்றாள். அவன் காரில்தான் வந்திருந்தான். அதைச் சொல்லாமல் தலையாட்டிவிட்டுப் போனான்.

சிங்கப்பூரிலிருந்து பதில் சீக்கிரமே வந்தது.

"நோட்டட் வித் தேங்ஸ்."

அடுத்து இன்னொருவர்: "நோட்டட்." மூன்றாமவர் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டார். எந்தத் தொலைபேசி, ஏன் தொலைபேசியில், அந்த அலுவலர் எப்படி இறந்தார் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் அவன் சொன்னது சரி என்பதை மூன்று பேர் குறித்துக்கொண்டார்கள். தேன்மொழி மூன்றையும் திறந்து படித்தாள். பிறகு எழுந்து, தேநீர் கலக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கேத்தலின் இரைச்சல் கேட்டது. அது கொதித்து, அடங்கியது. கதவு திறக்கவில்லை.

வேலு முகப்பு மேசைக்கு வந்து, நுழைவுச் சீட்டு வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தார். விஜயன் உதட்டில் விரலை வைத்தார். தேன்மொழியின் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வேலுவின் வண்டி எண்ணை அவரே ஒற்றை விரலால் தட்டினார். அச்சு இயந்திரம் தாள் கேட்டது. தாளை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முதல் சீட்டு தலைகீழாக வந்தது, இரண்டாவது கிழிந்து வந்தது. வேலு கதவைக் காட்டி, அக்காவைக் கூப்பிடலாமா என்று சைகையில் கேட்டார்.

விஜயன் தலையசைத்து மறுத்துவிட்டு, மூன்றாவது தாளை எடுத்தார்.